மொறிஸ் மைனருக்கு இரட்டைக் கார்புரேற்றர்: யாழ்ப்பாணத்துக் கராச் ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

கார் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. இரண்டு கதவு, சாம்பல் நிறம், 948 சிசி இஞ்சின். உரிமையாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மகள் நுவரெலியாவில் வேலை. வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் மகளைப் பார்க்க இந்தக் காரிலேயே போய்வருவார். கண்டி வரைக்கும் ஏ9 வீதியில் ஒரு குறையும் இல்லை. கம்பளை தாண்டி, புசல்லாவை, றம்பொடை என்று ஏற்றம் தொடங்கினால் மூன்றாவது கியரில் இழுக்காது. இரண்டாவதுக்கு இறக்கினால் இஞ்சின் கத்தும், பின்னால் வருகிற பஸ்காரர் விடாமல் ஹோன் அடிப்பார். "தம்பி, இதுக்கு ரெண்டு கார்புரேற்றர் போட்டா நல்லா இழுக்குமாம். உண்மையோ?" என்று கேட்டுக்கொண்டுதான் ஐயா கராச்சுக்குள் காரை விட்டார்.

உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. கார்புரேற்றர் என்பது காற்றோடு பெற்றோலைக் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம். எவ்வளவு உண்மை என்பதை அவருக்கும் எனக்கும் கணக்காகவே காட்ட வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பழைய கார்களுக்கு இந்த மாற்றத்தைச் செய்த பலரைத் தெரியும். செய்து முடித்த பிறகு "இப்ப பறக்குது" என்பார்கள். எது பறக்க வைத்தது என்று கேட்டால் பதில் வராது. ஒரே கிழமையில் வால்வும் செய்து, பிளக்கும் மாற்றி, கார்புரேற்றரும் போட்டால் எந்த வேலைக்கு எவ்வளவு பலன் என்று எப்படித் தெரியும்? ஆகவே இந்தக் காரை மூன்று கட்டமாகச் செய்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வீதியில், ஒரே ஆட்களோடு, ஒரே மாதிரி அளந்து கொப்பியில் எழுதினேன்.

அளக்கும் முறை எளிது. ஆனையிறவுக்குப் பக்கத்து நேர் வீதி. ரொப் கியரில் மணிக்கு 20 மைலில் ஓடவிட்டு, அக்சிலேற்றரை முழுக்க மிதித்து, 40 மைல் வரும்வரை எத்தனை செக்கன் என்று பார்ப்பது. கடல்நீரேரிப் பக்கமிருந்து காற்று எப்போதும் ஒரு பக்கமாக அடிக்கும் என்பதால் போகும்போது மூன்று தரம், வரும்போது மூன்று தரம் எடுத்துச் சராசரி கண்டோம். மணிக்கூட்டை ஐயாவே பிடித்தார்.

இஞ்சினைப் பற்றி

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 இல் வெளிவந்தபோது அதில் இருந்தது பழைய சைட்வால்வு இஞ்சின். 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒன்றாகி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேசன்) ஆனபிறகு, ஒஸ்ரின் ஏ30 காரில் இருந்த 803 சிசி இஞ்சின் மைனருக்குள் வந்தது. ஏ சீரிஸ் என்று சொல்வது அதைத்தான். 1956 இல் அதன் துளையைப் பெருப்பித்து 948 சிசி ஆக்கினார்கள்: துளை 62.9 மில்லிமீற்றர், ஸ்ரோக் 76.2. ஒன்றேகால் அங்குல எஸ்.யு. கார்புரேற்றர் ஒன்று. வலு 37 குதிரை.

1958 இல் இதே 948 இஞ்சினை ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்டார்கள். அதற்கு ஒன்றே அரைக்கால் அங்குலக் கார்புரேற்றர் இரண்டு, கடினமான வால்வு ஸ்பிறிங். வலு 43 குதிரை. அதாவது ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்ற வண்டிக்கே கூடியது ஆறு குதிரைதான். ஐயாவுக்கு இதை முதல் நாளே சொன்னேன். "37க்கு ஆறு எண்டால் 16 வீதம்" என்று உடனே கணக்குப் பார்த்தார். சரியான கணக்கு. ஆனால் அந்த 37 புது இஞ்சினின் 37. அவருடைய இஞ்சினில் அது மிஞ்சியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கிற ஹெட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இரட்டைக் கார்புரேற்றர் வேலையில் இறங்கக்கூடாது. நாலு சிலிண்டருக்கு ஐந்து வாய்தான் இருக்கிறது. உள்ளெடுக்கும் வாய் இரண்டு: ஒன்று 1க்கும் 2க்கும், மற்றது 3க்கும் 4க்கும். வெளிவிடும் வாய் மூன்று: 1க்குத் தனி, 4க்குத் தனி, நடுவில் 2க்கும் 3க்கும் சேர்த்து ஒன்று. ஐந்தும் ஒரே பக்கத்தில். எரியும் வரிசை 1-3-4-2. இதை வைத்து எண்ணிப் பாருங்கள்: 3 மூச்சு இழுத்த உடனே 4 இழுக்கும், அதற்குப் பிறகு 2, உடனே 1. ஆக ஒவ்வொரு வாயும் அடுத்தடுத்து இரண்டு தரம் இழுத்துவிட்டு, அதே அளவு நேரம் சும்மா நிற்கும்.

"ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு காத்து" என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. ஒன்றேகால் அங்குலம் என்றால் 31.75 மில்லிமீற்றர், பரப்பு 792 சதுர மில்லிமீற்றர் அளவில். இரண்டு போட்டால் 1,583. ஆனால் எந்தக் கணத்திலும் பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் கார்புரேற்றரில் அந்த ஒரு சிலிண்டருக்கு முழு 792 உம் கிடைத்தது. இரட்டையில் தன் பக்கத்து 792 கிடைக்கிறது, கூடவே இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சமன் குழாய் வழியாக மற்றப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கிடைக்கிறது. உண்மையான லாபம் பாதையின் நீளம் குறைவதில்தான். ஒற்றையில் நடுவில் இறங்கி, பிரிந்து, திரும்பிப் போகிற கலவை, இரட்டையில் நேரே வாய்க்குள் போகிறது. வேகம் கூடக்கூட அது பயன் தரும். ரொப் கியரில் மெதுவாகப் போகிறபோது பெரிதாகத் தெரியாது.

எஸ்.யு. என்பது ஸ்கின்னேர்ஸ் யூனியன். சப்பாத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் தொடங்கிய கம்பனி. அவர்களுடைய முதல் கார்புரேற்றர்களில் இன்றைய பிஸ்ரன் இருக்கிற இடத்தில் தோல் துருத்திதான் இருந்தது. வேலை செய்யும் விதம் இன்றுவரை மாறவில்லை. இஞ்சின் கேட்கிற காற்றுக்கு ஏற்ப பிஸ்ரன் தானாக எழும்பும், அதில் தொங்குகிற கூம்பு ஊசி, பெற்றோல் வருகிற துளையான ஜெற்றுக்குள்ளிருந்து மேலே வரும், அந்த அளவுக்குப் பெற்றோல் போகும். அசையும் பாகம் குறைவு என்பதால்தான் அறுபது வருசம் பழைய ஒன்றைக்கூட லேத் வேலைக்காரர் ஒருவரை வைத்து உயிர்ப்பிக்க முடிகிறது.

முதற் கட்டம்: வந்த நிலை

ரொப் கியரில் 20 இலிருந்து 40க்கு 21 செக்கன். லீற்றருக்கு ஒன்பதரைக் கிலோமீற்றர். கம்பிரசன் பார்த்தபோது 1 இல் 140, 2 இல் 120, 3 இல் 85, 4 இல் 138 இறாத்தல். 3க்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுப் பார்த்தேன், 90க்கு மேல் ஏறவில்லை. றிங் பழுதென்றால் ஒயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். ஏறாதபடியால் பழுது வால்வில்.

இந்த இஞ்சின் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்ற காலத்தில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சூப்பிக்குள் கொஞ்சப் பெற்றோலை வைத்துக்கொண்டு, கார்புரேற்றர் வாய்க்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் பிடிக்க விடுவார்கள். வீதி முழுக்க வெள்ளைப் புகை, கண் எரியும். ஐயாவின் மனைவியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இந்தக் காரில், அப்படித்தான். அந்தக் காலத்தைத் தாங்கிய இஞ்சின் இது. ஆனால் தாங்கியதற்கு விலை இருக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், கரி படியும், இழுக்கும்போது இஞ்சின் தட்டும்.

ஹெட்டைக் கழற்றியபோது 3 இன் வெளிவிடும் வால்வு ஓரத்தில் நகம் அளவுக்குத் தின்று போயிருந்தது. 2 உம் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஏன் இந்த இரண்டும் என்றால், இரண்டும் ஒரே நடு வாயில் விடுகின்றன, அந்த இடம்தான் ஹெட்டிலேயே அதிக சூடு. ஏ சீரிஸ் இஞ்சினில் வால்வு எரிந்தால் முதலில் அந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டம்: ஒற்றைக் கார்புரேற்றரோடே

வெளிவிடும் வால்வு நாலும் புதிது. அந்த வால்வுகள் அமர, ஈயமில்லாப் பெற்றோலுக்குத் தாங்குகிற கடின இருக்கை நாலும் அடித்தோம். வால்வின் ரப்பெற் இடைவெளி 12 தவ், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. டிஸ்ரிபியூற்றர் தண்டு ஆடியதால் புஷ் மாற்றினேன். பழைய கார்புரேற்றரின் ஜெற்றைச் சுற்றியிருந்த தக்கை சீல் உலர்ந்து பெற்றோல் கசிந்துகொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். கம்பிரசன் நாலிலும் 145க்கும் 148க்கும் இடையில் வந்தது.

20 இலிருந்து 40க்கு 16 செக்கன். லீற்றருக்கு 13 கிலோமீற்றர்.

"ஐயா, இப்பிடியே விடுவமோ?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படியே விட்டிருக்கலாம். அவர் ஒரு தரம் நுவரெலியா போய்வந்து சொன்னார்: "நல்லா இழுக்குது தம்பி. ஆனா றம்பொடையில இன்னும் ரெண்டாவதுதான். மற்றதையும் செய்து பாப்பம்." இஞ்சின் நலமாக இருக்கிறது, மனிசருக்கு ஆசையும் இருக்கிறது. சம்மதித்தேன். வால்வு எரிந்த நிலையில் கேட்டபோது செய்திருந்தால், இரண்டு கார்புரேற்றர் சேர்ந்து பழுதான 3 ஆம் சிலிண்டரைத்தான் இன்னும் சூடாக்கியிருக்கும்.

மூன்றாம் கட்டம்: சாமான் தேடியதும் செப்பனிட்டதும்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எம்.ஜி. 1100 காரிலிருந்து கழற்றிய எச்.எஸ்.2 சோடி ஒன்று, ஒன்றேகால் அங்குல எஸ்.யு. கார்புரேற்றர் இரண்டு, கிடைத்தது. கார்புரேற்றரை ஹெட்டின் உள்ளெடுக்கும் வாயோடு இணைக்கிற இன்லெற் மனிபோல்டும் சமன் குழாயும் அதோடே இருந்தன. அதுவும் ஏ சீரிஸ் இஞ்சின் என்பதால் ஹெட்டில் நேராகப் பொருந்தும். எச்.எஸ். வகையில் பெற்றோல் புளோற் கிண்ணத்திலிருந்து நைலோன் குழாய் வழியாக ஜெற்றுக்கு வருகிறது. பழைய தக்கை சீல் தொல்லை இல்லை. வாங்கும்போது இரண்டையும் சோடியாகவே வாங்க வேண்டும். மேல் மூடியும் அதன் பிஸ்ரனும் ஒன்றுக்கொன்று அளவாகச் செய்யப்பட்டவை, ஒன்றின் மூடியை மற்றதின் பிஸ்ரனுக்குப் போடக்கூடாது. கழுவும்போது இரண்டையும் வேறு வேறு பேசினில் வைத்தேன்.

கிண்ணம் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கிண்ணத்துக்கும் உடலுக்கும் இடையில் சாய்வான சின்னக் கட்டை ஒன்று வரும். மனிபோல்டின் சாய்வுக்கு ஏற்ற கட்டை இல்லாவிட்டால் கிண்ணம் சரிந்து, பெற்றோல் மட்டம் பிழைக்கும்.

காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகட்டைத் திருப்புகிற திறொட்டில் தண்டுகள் இரண்டும் தேய்ந்திருந்தன. விரலால் ஆட்டினால் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம். அந்த இடைவெளியால் கள்ளக் காற்று உள்ளே போகும். ஐட்லிங் ஒருநாளும் நிலைக்காது. லேத் அண்ணையிடம் கொடுத்து உடலைத் துளைத்துப் பித்தளை புஷ் போட்டு, புதுத் தண்டு செருகினோம். தண்டில் தகட்டைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்குறூவின் முனை பிளந்திருக்கும். முறுக்கிய பிறகு அந்தப் பிளவை விரிக்க வேண்டும். நான் ஒரு கையில் ரோர்ச் பிடிக்க, உதவிக்கு நிற்கிற பெடியன் மெல்லிய உளியால் விரித்தான். இதை விட்டுவிட்டால் என்றோ ஒருநாள் ஸ்குறூ கழன்று நேரே சிலிண்டருக்குள் போகும். கழன்ற ஸ்குறூ ஒன்று இஞ்சின் பிஸ்ரன் தலையில் பதிந்திருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிறகு ஜெற்றை நடுவில் நிறுத்துவது. கார்புரேற்றர் பிஸ்ரனை விரலால் முழுக்கத் தூக்கி விடவேண்டும். கீழே ஜெற் இருக்கிற மேட்டில், அதாவது பாலத்தில், விழும்போது "டிக்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். மந்தமாக இறங்கினால் ஊசி ஜெற்றின் ஓரத்தில் உரசுகிறது. முன்னுக்குப் பூட்டிய கார்புரேற்றர் முதல் தரமே டிக் என்றது. பின்னது ஐந்து தரம் கழற்றிப் பூட்டிய பிறகுதான் பேசியது. அந்த நேரம் கராச்சில் றேடியோவை நிற்பாட்டச் சொன்னேன். கேட்காமல் ஊகிக்கிற வேலை இல்லை இது.

ஊசி: எம்.ஜி. 1100இல் இருந்து வந்தது டி3. அது 1098 சிசிக்கானது. பிறகு வந்த இரண்டாவது மாதிரி 948 சிசி ஸ்பிறைற்றுக்கு இதே அளவுக் கார்புரேற்றரோடு வந்தது வி3. லண்டனில் இருக்கிற பெறாமகன் அதில் இரண்டைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பினான். ஊசியின் தோள் பிஸ்ரனின் அடியோடு மட்டமாக இருக்க வேண்டும். ஜெற்றைப் பாலத்தோடு மட்டமாக்கி, அங்கிருந்து நட்டை 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கித் தொடங்க வேண்டும்.

மைனரின் பழைய வார்ப்பில் இன்லெற்றும் எக்ஸோஸ்ற்றும் ஒன்றாகச் சேர்ந்தே இருக்கும். எக்ஸோஸ்ற் சூட்டில் கலவை வெதுவெதுப்பாகப் போகட்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். இரட்டைக்கு மாறினால் எக்ஸோஸ்ற்றுக்குத் தனி மனிபோல்ட் வேண்டும். இங்கேயே வெல்டிங்காரரைக் கொண்டு மூன்று கிளைக் குழாய் ஒன்று செய்வித்தேன். நான் விட்ட பிழை இந்த இடத்தில்தான். அதைக் கீழே எழுதுகிறேன்.

நெருப்பு விடயத்தில் யாரும் மலிவு பார்க்க வேண்டாம். இந்த இஞ்சினில் கார்புரேற்றர் இரண்டும் எக்ஸோஸ்ற்றுக்கு நேர் மேலே இருக்கின்றன. இடையில் தகட்டு மறைப்பு கட்டாயம். இரண்டு கிண்ணத்தின் வழிவுக் குழாயும் எக்ஸோஸ்ற்றைத் தாண்டி கீழே வரை போக வேண்டும். ஐயா முன்பு எப்போதோ மாற்றிப் போட்டிருந்த புதுவகை மின் பம்ப், கிண்ணத்து ஊசி வால்வு தாங்காத அழுத்தத்தில் தள்ளியது. முதல் நாளே பின் கிண்ணம் வழிந்து கராச் முழுக்கப் பெற்றோல் மணம். அதைக் கழற்றிவிட்டு, டிக்டிக் என்று அடிக்கிற பழைய எஸ்.யு. பம்பையே செப்பனிட்டுப் பூட்டினேன். ராங்கிக்குள் மண்ணெண்ணெய்க் காலத்து வண்டல் இருந்தது. ராங்கியைக் கழுவிப் புது வடி போட்டோம்.

இரண்டு நாள் தின்ற பிழை

ஸ்ரார்ட் பண்ணியவுடன் பிடித்தது. ஆனால் ஐட்லிங் 800க்கும் 1,100க்கும் இடையில் அலைந்தது. சட்டென்று மிதித்தால் முன் கார்புரேற்றர் வழியே தும்மியது. 15 கிலோமீற்றர் ஓட்டி பிளக்கைக் கழற்றினால், 3 உம் 4 உம் பிஸ்கற் நிறம், 1 உம் 2 உம் வெள்ளை. முன் பக்கத்துக்குப் பெற்றோல் காணாது என்று அர்த்தம்.

முன் ஜெற் நட்டை மூன்று பட்டை இறக்கினேன். ஐட்லிங் நிலைத்தது. சந்தோசத்தோடு ஆனையிறவு போய்வந்தால் இப்போது 1 உம் 2 உம் கரி பிடித்து நின்றன. இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் ஊசியை முன்பின் மாற்றினேன். பிழை முன்னுக்கே நின்றது. பிஸ்ரனுக்கு மேலே விடுகிற ஒயிலைத் தடிப்பாக்கினேன். தும்மல் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விளங்கியது. ஐட்லிங்கில் காணாமல், இழுக்கும்போது மிஞ்சினால், அது கள்ளக் காற்றின் குணம். ஓட்டை வழியாக வருகிற காற்று ஏறக்குறைய ஒரே அளவு. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்த ஓட்டை பெரிதாகக் காட்டும். முழு மிதியில் வருகிற காற்றுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. நான் ஐட்லிங்குக்காகப் பெற்றோலைக் கூட்டியதால் இழுக்கும்போது அது மிஞ்சியது.

ஒயில் கான் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் மனிபோல்ட் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கீழே எக்ஸோஸ்ற் சூடாக இருப்பதால் இதற்குப் பெற்றோல் பாவிக்கக்கூடாது. தண்டுப் பக்கம் ஒன்றுமில்லை. சமன் குழாய்ப் பக்கம் ஒன்றுமில்லை. முன் வாயின் கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் இஞ்சினின் சத்தம் மாறியது, சைலன்சரால் நீலப் புகை வந்தது.

இந்த ஹெட்டில் இன்லெற்றையும் எக்ஸோஸ்ற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பெரிய வாசரால் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமத்துவார்கள். வாசர் ஒரு பாதி இதில், மறு பாதி அதில். இரண்டு விளிம்பும் ஒரே தடிப்பாக இருந்தால்தான் இரண்டும் அமரும். எங்கள் மூன்று கிளைக் குழாயின் விளிம்பைத் தகட்டிலிருந்து வெட்டினோம். எம்.ஜி. இன்லெற் விளிம்பைவிட அது அரை மில்லிமீற்றர் தடிப்பு. வாசர் எக்ஸோஸ்ற் மேல் சாய்ந்து நிற்க, இன்லெற் இறுக்கம் இல்லாமல் இருந்தது. நட்டு இறுகியிருக்கும், கைக்கு ஒன்றும் தெரியாது. இன்லெற் விளிம்புக்கும் காஸ்கெற்றுக்கும் இடையில் 0.10 மில்லிமீற்றர் பீலர் கேஜ் சுகமாக உள்ளே போனது. வெட்டுவதற்கு முன் வேர்ணியர் வைத்து அளந்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

லேத் அண்ணை படி வைத்த வாசர்கள் கடைந்து தந்தார்: ஒரு பாதி அரை மில்லிமீற்றர் உயரம் கூட. புது காஸ்கெற் போட்டு, ஒருக்கால் சூடாக்கி ஆறவிட்டு, திரும்ப இறுக்கினேன். பீலர் போகவில்லை. ஜெற் இரண்டையும் பழைய 12 பட்டைக்கே கொண்டுவந்தேன்.

சமன் பிடித்தது

இஞ்சின் நன்றாகச் சூடேறியபிறகுதான் தொடங்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் தண்டின் பிடிகளைத் தளர்த்தி ஒவ்வொன்றையும் தனியே விட்டேன். அரை மீற்றர் றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேற்றர் வாயிலும் பிடித்தால் காற்றின் சீறல் கேட்கும். இரண்டும் ஒரே சுருதியில் சீறும்வரை ஐட்லிங் ஸ்குறூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டும். கருவி விற்கிறார்கள்தான். ஆனால் நான் காதை நம்புகிறேன். கருவி வைத்தவரோடு இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை.

கலவைக்கு, பிஸ்ரனைத் தூக்கும் சின்ன ஊசியை முக்கால் மில்லிமீற்றர் அளவுக்கு மட்டும் மேலே தள்ள வேண்டும். வேகம் ஒரு கணம் கூடித் திரும்ப இறங்கினால் சரி. கூடியே நின்றால் பெற்றோல் மிச்சம். இறங்கி நிற்கப் பார்த்தால் காணாது. முன்னது 11 பட்டையிலும் பின்னது பத்தரையிலும் நின்றன. ஐயா இரண்டையும் தன் கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டார். ஒன்றைத் திருப்பினால் மற்றது மாறும். ஆகவே சீறலுக்கும் கலவைக்கும் இடையில் நாலு தரமாவது போய்வர வேண்டியிருந்தது. கடைசியாக இணைப்புத் தண்டின் பிடிகளை இறுக்கும்போது, இரண்டு தகடும் ஒரே கணத்தில் திறக்கத் தொடங்குகிறதா என்று விரலால் பார்த்தேன். ஒன்று முந்தினால் இதுவரை பிடித்த சமன் எல்லாம் முதல் மிதியிலேயே போய்விடும். சோக் கம்பிக்கும் அதே கதை.

அளவு

20 இலிருந்து 40க்கு பதினாலரைச் செக்கன். லீற்றருக்கு 12 கிலோமீற்றர்.

வந்த நிலையிலிருந்து மொத்தமாகக் குறைந்தது ஆறரைச் செக்கன். அதில் ஐந்தைக் கொடுத்தது வால்வும் டிஸ்ரிபியூற்றரும். இரட்டைக் கார்புரேற்றர் கொடுத்தது ஒன்றரை. அந்த ஒன்றரையிலும் மூன்று கிளை எக்ஸோஸ்ற்றுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டதால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெற்றோலிலும் ஒரு கிலோமீற்றர் போய்விட்டது. செலவோ வால்வு வேலையைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் வேண்டாத வேலை என்று தோன்றும். மலையில் வேறு மாதிரி. போவதற்கு முன் பிறேக் லைனிங் நாலும் மாற்றினேன். இந்த மைனருக்கு முன்னுக்கு இருப்பது ஏழு அங்குல டிறம்தான். ஏறும் வலுவைக் கூட்டிவிட்டு இறக்கத்தை மறக்கக்கூடாது. நானும் கூடப் போனேன். புசல்லாவை தாண்டியதும் ஐயா மூன்றாவதிலேயே விட்டார். இஞ்சின் 3,000க்கு மேல் சுற்றத் தொடங்கியதும் முந்தி மூச்சு முட்டுகிற இடத்தில் இப்போது இழுத்தது. றம்பொடைக்குக் கீழே உள்ள நீள ஏற்றங்களை மூன்றாவதிலேயே முடித்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் இன்னமும் இரண்டாவதுதான், அதை எந்தக் கார்புரேற்றரும் மாற்றாது. இரண்டாவதிலிருந்து திரும்ப மூன்றாவதுக்கு ஏற்றும்போதுதான் பெரிய வித்தியாசம். முந்தி ஏற்றியவுடன் சோர்ந்துபோகும், இப்போது பிடித்துக்கொண்டு போகிறது. ஒரு இடத்திலும் பஸ் ஹோன் அடிக்கவில்லை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று ஐதாக இருப்பதால் கார்புரேற்றர் தானாகவே பத்து வீதமளவு பெற்றோல் மிச்சமாகக் கொடுக்கும். காலையில் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறியது, சைலன்சர் வாய் கறுத்திருந்தது. இரண்டு நட்டையும் ஒரு பட்டை மேலே ஏற்றினோம், சரியாகிவிட்டது. குளிர்காலை ஸ்ரார்ட்தான் ஒரு குறை. எக்ஸோஸ்ற் சூடு இன்லெற்றுக்கு இப்போது நேராகக் கிடைப்பதில்லை என்பதால் முந்தியைவிட இரண்டு நிமிசம் கூடுதலாகச் சோக்கில் விடவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வெக்கையில் இது தெரியவே தெரியாது. திரும்பும் வழியில் கண்டியில் நிறுத்தி, ஐயாவே ஸ்பனர் எடுத்து, கொப்பியைப் பார்த்து, ஒரு பட்டை இறக்கினார்.

ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு கார் திரும்ப வந்தது. மனிபோல்ட் நட்டுகளில் இரண்டு மட்டும், ஒவ்வொன்றும் கால் சுற்று இறுகின. சீறல் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. பிளக் நாலும் பிஸ்கற் நிறம். பிஸ்ரனுக்கு மேலே ஒயில் பின்னதில் கொஞ்சம் குறைந்திருந்தது, நிரப்பினேன். பழைய ஒற்றைக் கார்புரேற்றரையும் வார்ப்பு மனிபோல்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒயில் தடவி, சாக்கில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்கான நட்டும் வாசரும் ஒன்று விடாமல் ஒரு பால்மாப் பேணிக்குள் இருக்கின்றன. இரண்டும் ஐயாவின் வீட்டுக் கராச்சில், இறாக்கையின் மேல்தட்டில்.